மூன்று நிமிடத் திருட்டு

அன்று காலை கோட்டை வாசலை ஒட்டிய, மேலே கூரை மூடிய சந்தில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். நானும் அங்கே இருந்தேன் என்று சொல்லிக்கொண்டு பிற்பாடு நிறையப் பேர் கிளம்பிவிட்டார்கள். இருந்தது ஏழு பேர். ஊர்த்தலைவர் அஸ்ஸூ. ஆயித் பர்க்கா குடும்பத்து ஹத்தூ. விதவை இஸ்ஸா. ஸாகோரா பட்டணத்திலிருந்து வரவழைக்கப்பட்ட துப்பறியும் பெண்மணி தூதா. அவருடைய கார் ஓட்டியும் உதவியாளுமான ஹெர்ரூ. என் மூத்த மகன் இத்தர். ஆயித் வஹ்மான் குடும்பத்தின் தலைவனாகிய நான், தாவூத். ஹத்தூவின் கழுதையும் நின்றது. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

வழக்கு இதுதான். எங்கள் தமஸ்லா கோட்டை ஊருக்கு ஒரே வாய்க்கால். அறுபது வீடுகள். தண்ணீரைச் செம்புக் கிண்ணத்தால் பங்கு போடுகிறோம். அடியில் ஊசித் துளை உள்ள கிண்ணம் அது. தொட்டித் தண்ணீரில் மிதக்க விட்டால் மெல்ல நிரம்பி மூழ்கும். மிதப்பதிலிருந்து மூழ்குவது வரை ஒரு கிண்ணம். இன்ன வீட்டுக்கு இத்தனை கிண்ண நேரம் வாய்க்கால் திறக்க வேண்டும் என்பது ஊருக்கே மனப்பாடம். அந்தக் கிண்ணத்தை ஒன்பது தலைமுறையாக எண்ணுவது என் குடும்பம்.

வசந்தம் பிறந்ததிலிருந்து பகல் முறைக்காரர்கள் தண்ணீர் குறைகிறது என்று முனகத் தொடங்கினார்கள். முனகல் பேச்சாயிற்று, பேச்சு குற்றச்சாட்டாயிற்று. பகலில் எண்ணுவது இத்தர். அவன் விரலால் கிண்ணத்தை அழுத்தி வேகமாக மூழ்கடிக்கிறான் என்று ஹத்தூ பள்ளிவாசல் முற்றத்தில் வைத்துச் சொன்னான். அன்று பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு ஊர்ச்சபையான ஜமாஅத் கூடித் தீர்ப்புச் சொல்ல வேண்டும். இத்தர் திருடன் என்று தீர்ந்தால் கிண்ணம் எங்கள் வீட்டை விட்டுப் போகும். அதுகூடப் பரவாயில்லை. அவன் சாட்சி இனி இந்த ஊரில் எதற்கும் செல்லாது. கல்யாணத்துக்கும் செல்லாது, மரணத்துக்கும் செல்லாது. உயிரோடு இருக்கும் மனிதனுக்கு எங்கள் ஊர் கொடுக்கும் மிகப் பெரிய தண்டனை அது.

தூதா ஐம்பது வயதுக்காரர். ஸாகோரா நீதிமன்றத்தில் இருபது வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். பிறகு ஆடு தொலைந்தது, எல்லைக்கல் நகர்ந்தது போன்ற வழக்குகளைத் தனியாகத் துப்புத் துலக்க ஆரம்பித்தார். எல்லோரும் அவரை லல்லா, அதாவது அம்மா, என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். பெண் ஒருத்தி வந்து என் வீட்டு மானத்தை எடை போடுவது எனக்குப் பிடிக்கவில்லை. அதை மறைக்கவும் இல்லை.

அவர் சந்தின் சுவரில் இருந்த மாடத்தைப் பார்த்தார். உள்ளே கல்தொட்டி மட்டும் வெறுமையாக இருந்தது.

"பா தாவூத், கிண்ணம் முன்னாடி இங்கதான இருந்துச்சு?" பெரியவர்களை எங்கள் பக்கம் பா போட்டுத்தான் கூப்பிடுவார்கள்.

"போன குளிர்காலம் வரைக்கும்."

"இப்ப?"

"என் வீட்டு முற்றத்துல."

"ஏன் மாத்துனீங்க?"

"கூரை ஒழுகுது. மேலேர்ந்து துளி தொட்டியில விழுந்தா அளவு கெட்டுப்போகும்."

ஹெர்ரூ அண்ணாந்து பார்த்தான். ஆள் பீப்பாய் மாதிரி இருப்பான். வாய் அவனுக்கு முன்னால் நடக்கும். "இந்தப் பாலைவனத்துல கூரை ஒழுகுதுன்னா நீங்கள்லாம் அதிர்ஷ்டக்காரங்க. எங்க ஊர்ல குழாயே ஒழுகாது."

ஹத்தூவுக்கு முகம் சிவந்தது. சந்தின் கூரைதான் அவன் வீட்டுச் சமையலறைத் தரை. மேலே குடியிருப்பவன் கீழே உள்ள பொதுச் சந்தை நனையாமல் காக்க வேண்டும், தவறினால் அபராதம் என்பது கோட்டை கட்டிய நாள் முதல் உள்ள விதி.

"ஒழுகுதுன்னு இவர் சொல்லித்தான் எனக்கே தெரியும். என் தளத்துல ஒரு விரிசல் காட்டச் சொல்லு!"

"அந்தப் பஞ்சாயத்தும் இன்னிக்கு அஸருக்கு அப்புறம்தான்" என்றார் அஸ்ஸூ. "ஒவ்வொண்ணா வாங்கப்பா. எனக்கு இருக்கறது ஒரு தலை."

எல்லோரும் என் வீட்டுக்கு வந்தோம். முற்றத்தின் நடுவில் தொட்டி, அதில் கிண்ணம். தூதா கிண்ணத்தை எடுத்துத் திருப்பினார். அடியில் எங்கள் குடும்பத்து முத்திரை. உள்விளிம்பில் ஜமாஅத்தின் மூன்று கோடுகள். கிண்ணம் மாற்றப்படவில்லை.

"துளை?"

அஸ்ஸூ தன் அங்கிக்குள்ளிருந்து தோல் உறையை எடுத்தார். அதில் ஒரு செப்பூசி. கிண்ணம் செய்த நாளில் துளைக்கு அளவாகச் செய்த ஊசி அது. மற்ற நாளில் தலைவர் வீட்டுப் பெட்டியை விட்டு வெளியே வருவதில்லை. ஊசியை நுழைத்தார். இம்மி இடைவெளி இல்லாமல் பொருந்தியது.

"துளையும் பெருசாகலை" என்றார் தூதா. "சரி, மிதக்க விடுங்க."

இத்தர் கிண்ணத்தை வைத்துவிட்டுக் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். தூதா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாங்கள் தொட்டியைச் சுற்றி நின்றோம். கிண்ணம் நிரம்புவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிடச் சோர்வான வேலை உலகத்தில் இல்லை. இளவெயில் சுவரில் இறங்கிக்கொண்டிருந்தது.

"லல்லா, இதைவிட வேகமா எங்க மாமியார் கோபம் இறங்கும்" என்றான் ஹெர்ரூ.

கிண்ணம் முழுகியது.

"இருபத்திநாலு நிமிஷம்."

"அதுதான் எப்பவும்" என்றார் அஸ்ஸூ. "பள்ளிக்கூட வாத்தியார் ஒரு தடவை வாட்ச் வச்சுப் பார்த்தாரு. இருபத்திநாலுதான்."

இத்தர் பக்கத்தில் தொங்கிய ஓலைக் கீற்றைக் காட்டினான். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஒரு முடிச்சு. வாரத்துக்கு ஒரு கீற்று. தூதா இரண்டு மாதத்துக் கீற்றுகளையும் உருவி எண்ணினார். ஒரு முடிச்சுகூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"அப்ப தண்ணி எங்க போச்சு?" என்று கத்தினான் ஹத்தூ. "என் குதிரைமசால் பயிர் கருகிப்போச்சே, அதுவும் பொய்யா? நாலு பேர் நிக்கும்போது எவன் அழுத்துவான்? இந்த முற்றத்துக்குள்ள நாங்க யார் வந்து பாக்குறோம்?"

"உன்னை யாரும் வர வேண்டாம்னு சொல்லலை" என்றேன்.

"வான்னும் சொல்லலையே, தாவூத்."

இத்தர் என்னைப் பார்த்தான். நான் தொட்டியைப் பார்த்தேன்.

வாய்க்காலில் யாராவது ஓட்டை போட்டிருப்பார்கள் என்று தூதா சந்தேகப்பட்டார். ஊற்று வாயிலிருந்து வயல் வரை நடந்தோம். மதகுப் பலகைகளைத் தூக்கிப் பார்த்தார். கரையில் புதுமண் பூச்சு இருக்கிறதா என்று குச்சியால் குத்திக் குத்திப் பார்த்தார். எலி வளைகூட இல்லை. திரும்பும்போது அவருடைய செருப்பு வாரு அறுந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு, "இது வரைக்கும் நான் கண்டுபிடிச்சது இது ஒண்ணுதான்" என்றார்.

"அதையும் நான்தான் முதல்ல பார்த்தேன்" என்றான் ஹெர்ரூ.

வழியில் இஸ்ஸாவின் வயல். எட்டுப் பாத்தி பார்லி. இஸ்ஸாவுக்கு நண்பகல் முறை.

"கணக்கு வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது, லல்லா" என்றாள் இஸ்ஸா. "என் மாமனார் காலத்துலேர்ந்து என் பங்குத் தண்ணி எட்டாம் பாத்தி வரப்பைத் தொட்டுட்டு நிக்கும். சொல்லி வச்ச மாதிரி. இப்ப ஏழோட நின்னுடுது. பாரு."

எட்டாம் பாத்தி வெளுத்து வெடித்திருந்தது. கதிர்கள் பால் பிடிக்காமல் நின்றன.

"எட்டுல ஒண்ணு" என்று தூதா தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு என்னிடம் திரும்பினார். "உங்க வயலைப் பாக்கலாமா?"

"எதுக்கு?"

"பாக்கறதுக்குத்தான்."

இந்த வருடச் சீட்டில் எங்களுக்கு விழுந்தது விடியலுக்கு முந்திய முறை. இத்தர் எழுந்து போய்ப் பாய்ச்சுவான். இரவுக் கிண்ணங்களை, தூக்கம் வராத கிழவனாகிய நான் எண்ணுவேன். எங்கள் வயலிலும் எட்டுப் பாத்திதான். ஆனால் எட்டாம் வரப்புக்கு அந்தப் பக்கம், என் அப்பா காலத்திலிருந்து தரிசாகக் கிடந்த துண்டில், பெரிய அவரை முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து பூத்திருந்தது.

"ஒன்பதாம் பாத்தி" என்றார் தூதா.

ஹத்தூ சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் என் கப்ருக் குழி வரை கொண்டுபோவேன்.

"என்னடா இது?" என்றேன் இத்தரிடம்.

"தண்ணி மிஞ்சுச்சு, பாபா. வரப்பைத் தாண்டி ஓடுச்சு. வீணாப் போகுதேன்னு நாலு விதை போட்டேன்."

"எப்பலேர்ந்து மிஞ்சுது?"

"குளிர்காலம் முடிஞ்சதுலேர்ந்து."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"உங்ககிட்ட எதைச் சொல்ல முடியுது?"

அவன் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. வேறு நாளாக இருந்தால் அடித்திருப்பேன். அன்று என் கை எழவில்லை. முதல் முறையாக, என் மகன் திருடியிருப்பானோ என்று எனக்கே தோன்றியது. அந்த எண்ணத்தோடு கோட்டை வரை நடந்த தூரம் ஒரு பாலைவனப் பயணத்தைவிட நீளம்.

இஸ்ஸா எல்லோரையும் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு ரொட்டி கொடுத்தாள். தொட்டுக்கொள்ளப் பேரீச்சம்பழப் பாகு. உள்ளறை இருட்டிலிருந்து ஜாடியைக் கொண்டுவந்து சாய்த்தாள். பாகு அசையவில்லை. ஹெர்ரூ ரொட்டியை நீட்டியபடியே நின்றான்.

"அக்கா, இது பாகா, கோட்டைச் சுவரா?"

"உள்ள குளிர்ச்சி. இறுகிடும். இரு, ஜன்னல் வெயில்ல வைக்கிறேன். லுஹர் தொழுகை முடிஞ்சு வா, தண்ணி மாதிரி ஓடும்."

"லுஹர் வரைக்கும் நான் இருக்கணுமே."

வெறும் ரொட்டியைத் தின்றோம். நடுவில் தூதா, "எனக்கு ஒண்ணும் புரியலை" என்றார். "கிண்ணம் சரி, துளை சரி, முடிச்சு சரி, வாய்க்கால் சரி. எல்லாம் சரியா இருக்குற ஊர்ல திருட்டு மட்டும் நடந்திருக்கு. இருபது வருஷம் கோர்ட்ல இருந்தேன். எல்லாரும் பொய் சொல்லும்போதுகூட இப்படித் தலை வலிச்சதில்லை."

"ஊருக்குக் கிளம்பலாமா, லல்லா? செருப்பைக் கண்டுபிடிச்ச புகழே போதும்."

"நண்பகல் கிண்ணத்தைப் பார்த்துட்டுப் போகலாம்."

லுஹர் முடிந்து மறுபடி என் முற்றம். வெயில் நேர் மேலே. தொட்டியின் விளிம்பில் கை வைக்க முடியவில்லை. இஸ்ஸாவின் முறை. இத்தர் கிண்ணத்தை மிதக்க விட்டான். மூன்றடி தள்ளிப் போய் நின்றான். தூதா கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான் சுவரோரம் நின்று ஓதிக்கொண்டிருந்தேன்.

கிண்ணம் முழுகியது.

"இருபத்தியொண்ணு" என்றார் தூதா.

ஹத்தூ துள்ளினான். "மூணு நிமிஷம்! பார்த்தீங்களா! கண்ணு முன்னாலயே திருடிட்டான்!"

"அவன் கிண்ணத்தைத் தொடவே இல்லை" என்றேன்.

"காலால தொட்டியை ஆட்டியிருப்பான். ஊதியிருப்பான். திருடனுக்கு வழியா இல்லை?"

அஸ்ஸூ தலைப்பாகையைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "தாவூத், இனிமே நான் என்ன சொல்லட்டும்?"

இத்தர் என் பக்கம் வந்தான். "பாபா, உங்க மேல சத்தியமா..."

"என் மேல வேண்டாம்" என்றேன். சொன்ன மறுகணமே அந்த வார்த்தையைத் திரும்ப விழுங்க நினைத்தேன். முடியவில்லை. அவன் முகத்தில் அது போய் விழுந்துவிட்டது.

தூதா கையை உயர்த்தினார். "இத்தர், நீ வாசலுக்கு வெளிய போய் நில்லு. தலைவரே, நீங்க அவன்கூட நில்லுங்க. ஹத்தூ, நீங்க வாங்க."

"நானா?"

"நீங்கதான். கிண்ணத்தை வைங்க. பக்கத்துலயே உக்காருங்க. ஒரு ஈகூட உக்காராம பார்த்துக்கங்க."

ஹத்தூ கையை மூன்று முறை கழுவினான். கிண்ணத்தை ஒரு குழந்தையை இறக்குவது போலத் தண்ணீரில் இறக்கினான். உட்கார்ந்தான். யாரையும் கிட்டே விடவில்லை. ஹெர்ரூ தும்மியதற்கு முறைத்தான். கடைசி நேரத்தில் அவன் கிண்ணத்தைப் பார்த்த பார்வையில், மூழ்காதே மூழ்காதே என்று கெஞ்சுவது எனக்கே கேட்டது.

முழுகியது.

"இருபத்தியொண்ணு" என்றார் தூதா.

"இல்லை!"

"உங்க வாட்ச்சை வேணும்னாலும் பாருங்க."

"எங்கிட்ட வாட்ச் இல்லை."

"அப்ப நீங்களும் திருடிட்டீங்க" என்றான் ஹெர்ரூ. "ஆயித் பர்க்கா குடும்பத்து விரல் இவ்வளவு நீளம்னு எனக்குத் தெரியாமப் போச்சு."

அந்த நேரத்தில் இஸ்ஸா ஜாடியோடு வந்தாள். வாக்குக் கொடுத்த பாகு. ஹெர்ரூவின் ரொட்டித் துண்டின் மேல் சாய்த்தாள். பாகு ரொட்டியைத் தாண்டி, அவன் விரலைத் தாண்டி, முழங்கை வரை ஓடியது. அவன் ஐயோ என்று முழங்கையை நக்கினான்.

தூதா அந்த முழங்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எழுந்து போய்த் தொட்டித் தண்ணீரில் கையை விட்டார். உடனே எடுத்தார்.

"கிண்ணத்தை எடுங்க" என்றார். "எல்லாரும் வாசல் சந்துக்கு வாங்க. ஹத்தூ, நீங்களே தூக்கிட்டு வாங்க. உங்க கையை விட்டு அது போக வேண்டாம்."

வெளியே கண் கூசும் வெயில். சந்துக்குள் நுழைந்ததும் இருட்டும் குளிரும் கழுத்தில் வந்து உட்கார்ந்தன. இரண்டு பக்கமும் மூன்று முழத் தடிப்புள்ள மண்சுவர், தலைக்கு மேல் இரண்டு அடுக்கு வீடு. வாசல் கிணற்றிலிருந்து இறைத்து மாடத்துக் கல்தொட்டியை நிரப்பினார்கள். ஹத்தூ கிண்ணத்தை வைத்தான். அஸ்ஸூ, இஸ்ஸா, இத்தர் எல்லோரும் மாடத்தைச் சுற்றிக் குந்தினார்கள். தூதா மட்டும் என்னைச் சந்தின் மறுகோடிக்கு அழைத்துப் போனார். ஹெர்ரூ பின்னாலேயே வந்தான்.

"இருபத்திநாலு நிமிஷம் இருக்கு, பா தாவூத்" என்றார் தாழ்ந்த குரலில். "அது இருபத்திநாலுதான் ஆகும். எனக்கு இப்ப சந்தேகமே இல்லை. தண்ணி சுட்டா பாகு மாதிரி சுருக்கா ஓடுது. குளிர்ந்தா மெதுவா ஓடுது. உங்க முற்றத்துல நண்பகல் கிண்ணம் சீக்கிரம் முழுகுது, இஸ்ஸாவுக்கு ஒரு பாத்தி போச்சு. விடியக்கால குளிர்ல மெதுவா முழுகுது, உங்களுக்கு ஒரு பாத்தி வந்துச்சு. யாரும் அழுத்தலை. உங்க பையன் சுத்தம்."

சுவரைப் பிடித்துக்கொண்டேன். அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன். பிறகுதான் அவர் இன்னும் நகராமல் நிற்பதைக் கவனித்தேன்.

"இந்தச் சந்துல அந்த மாற்றமே கிடையாது. கோடையும் குளிரும் இதுக்குள்ள வர்றதில்லை. அதனாலதான் உங்க முன்னோர் கிண்ணத்தை இங்க வச்சிருக்காங்க. இடம் மாத்தினதுதான் குத்தம். சரி, எங்க ஒழுகுது?"

"என்ன?"

"கூரை. எங்க ஒழுகுது? காட்டுங்க."

மாடத்துக்கு மேலே இருந்த உத்தரத்தை நோக்கிப் பொதுவாகக் கையைக் காட்டினேன். ஹெர்ரூ தீக்குச்சி கிழித்து உயர்த்தினான். நூறு வருடத்து விளக்குப் புகை பேரீச்சை உத்தரங்களில் கரியாகப் படிந்திருந்தது. அதில் ஒரு நீர்க்கோடுகூட இல்லை. உத்தரமும் சுவரும் சேரும் மூலையில் ஒரு குருவிக் கூடு ஒட்டிக்கொண்டிருந்தது. வெறும் சேற்று உருண்டைகளால் கட்டிய கூடு.

"போன வருஷத்துக் கூடு" என்றான் ஹெர்ரூ. "ஒழுகுற தண்ணியில கரையலையே, லல்லா. சிமெண்ட் போட்டுக் கட்டியிருக்கும். பட்டணத்துக் குருவி."

எழுபத்தியொரு வயதில், கார் ஓட்டி ஒருவன் தீக்குச்சி வெளிச்சத்தில் என் பொய்யைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கூட்டத்துல வெயிலைப் பத்தி நான் சொல்றேன்" என்றார் தூதா. "இத்தர் வீட்டுக்குப் போயிடுவான். ஆனா கிண்ணத்தை ஏன் மாத்துனீங்கன்னு கேப்பாங்க. ஒழுகுச்சுன்னு நீங்க சொன்னா, உங்க வார்த்தையை யாரும் தட்ட மாட்டாங்க. ஹத்தூ அபராதம் கட்டுவாரு, அவர் வீட்டுக்குப் பேர் கெடும். ஒழுகலைன்னா நீங்கதான் சொல்லணும். அது என் வேலை இல்லை. என்னைக் கூப்பிட்டது கிண்ணத்துக்கு."

"நீங்க சொல்ல மாட்டீங்களா?"

"கேட்டா சொல்லுவேன். கேக்குறதுக்கு முன்னாடி சொல்லுற வாய்ப்பு உங்களுக்கு இருக்கு."

மாடத்துப் பக்கமிருந்து இஸ்ஸாவின் குரல் கேட்டது. "முழுகிடுச்சு!"

தூதா கடிகாரத்தைப் பார்த்தார். காட்டக்கூட இல்லை. திரும்பி நடந்தார்.

அஸருக்குப் பிறகு சந்து நிறைந்துவிட்டது. வீட்டுக்கு ஒருவர், அறுபது பேர். தூதா கிண்ணத்தின் கதையைச் சொன்னார். முதலில் சிரித்தார்கள், பிறகு ஹத்தூவின் முகத்தைப் பார்த்து நம்பினார்கள். அவனே உட்கார்ந்து பார்த்ததை அவனால் மறுக்க முடியவில்லை. இத்தர் சுத்தம் என்று அஸ்ஸூ மூன்று முறை உரக்கச் சொன்னார். ஆட்கள் அவன் தோளைத் தட்டினார்கள். அவன் யாரையும் பார்க்கவில்லை.

"அடுத்தது கூரை" என்றார் அஸ்ஸூ. "ஹத்தூ, உன் தளம் ஒழுகுனதாலதான் கிண்ணம் வெயிலுக்குப் போச்சு. அதனாலதான் இவ்வளவும். என்ன சொல்ற?"

"ஒழுகலைன்னு எத்தனை தடவை சொல்றது? அந்த மனுஷன் வார்த்தைக்கு முன்னால என் வார்த்தை எடுபடுமா?" அவன் குரல் உடைந்திருந்தது. அப்படி ஒரு குரல் ஹத்தூவுக்கு உண்டு என்று எனக்குத் தெரியாது.

நான் எழுந்தேன்.

"கூரை ஒழுகலை" என்றேன்.

கூட்டத்தின் நடுவுக்கு வந்தேன்.

"மழை மாசத்துல ஒரு நாள் எல்லாரும் இங்க உக்காந்திருந்தோம். இத்தர் கிண்ணத்தைப் பார்த்துட்டு இருந்தான். அப்ப ஹத்தூ சொன்னான், 'இத்தர் கிண்ணத்தைப் பாக்குறான், நாங்க இத்தரைப் பாக்குறோம்.' நீங்க எல்லாரும் சிரிச்சீங்க. ஒன்பது தலைமுறையா எங்களை யாரும் காவல் பார்த்ததில்லை. மறுநாள் கிண்ணத்தை எடுத்துட்டுப் போயிட்டேன். ஒழுகுதுன்னு பொய் சொன்னேன்."

ஹத்தூ வாயைப் பிளந்தான். "அதுக்கா? தாவூத், அது கிண்டல்! அன்னிக்குச் சாயங்காலமே நான் மறந்துட்டேன்."

"நான் மறக்கலை."

"இதுக்கு என்னை ரெண்டு அறை விட்டிருக்கலாமே, மனுஷா! என் குதிரைமசாலாவது பிழைச்சிருக்கும்."

எங்கிருந்தோ ஒருவன் சிரிக்க, சந்து முழுவதும் சிரித்தது. அந்தச் சிரிப்பில் நான் நிமிர்ந்து நின்றேன். உட்காரவில்லை.

ஜமாஅத்தின் தீர்ப்பை அஸ்ஸூ சொன்னார். கிண்ணம் மாடத்துக்குத் திரும்ப வேண்டும். பகலிலும் இரவிலும் இனி இத்தரே ஆள் வைத்து எண்ண வேண்டும். பகல்காரர்கள் இழந்த பங்கை எங்கள் விடியல் முறையிலிருந்து திருப்பித் தர வேண்டும். அறுபது வீட்டுக்கும் நான் விருந்து வைக்க வேண்டும். கடைசியாக, தாவூத் ஒரு வருடம் கூட்டத்துக்கு வரலாம், ஆனால் பேசக் கூடாது.

"விருந்துல மட்டும் பாகை முன்கூட்டியே வெயில்ல வச்சிருங்க" என்றான் ஹெர்ரூ, கார்ச் சாவியைச் சுழற்றிக்கொண்டே.

தூதா கிளம்பும்போது வாரு அறுந்த செருப்பைக் கையில் வைத்திருந்தார். எனக்கு சலாம் சொன்னார். நான் எழுந்து நின்று பதில் சொன்னேன். இத்தர் அன்று என்னோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. 'என் மேல வேண்டாம்' என்று நான் சொன்னதை அவன் எவ்வளவு காலம் சுமந்தான் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

நான் பேசக் கூடாத அந்த ஒரு வருடத்தில் ஒரு பேச்சு கிளம்பி ஸாகோரா சந்தை வரை போய்விட்டது. வெயிலில் கிண்ணம் சீக்கிரம் முழுகும் என்றால் சந்தையில் யார் நம்புவார்கள்? அதனால் கதையைத் தங்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொண்டார்கள். இத்தர் கிண்ணத்தை அழுத்தியது உண்மையாம். மகனைக் காப்பாற்றப் பெரியவர் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாராம். என்னைப் புகழ்வதாக நினைத்து இதைச் சொல்கிறார்கள். அது பொய். இத்தர் கிண்ணத்தை அழுத்தவில்லை. நான் யாரையும் காப்பாற்றவில்லை. குற்றம் என்னுடையது.